மணியோசையும் மனவிழிப்பும்: தமிழ்க் கிறிஸ்தவரின் அன்றாட வாழ்வில் இறைக்கவனம்

தமிழ்க் கிறிஸ்தவர்கள் அன்றாட வாழ்வில் கடவுளுக்கு அளிக்கும் கவனத்தைப் பற்றிப் பேசும்போது பெரும்பாலும் நேரத்தைப் பற்றியே பேசுகின்றனர். அதிகாலையில் எத்தனை மணிக்கு எழுவது, வேதத்தில் நாளுக்கு எத்தனை அதிகாரம் வாசிப்பது, குடும்ப ஜெபம் இரவு உணவுக்கு முன்னா பின்னா, உபவாசம் எந்தக் கிழமை என்னும் வினாக்களே சபைகளிலும் வீடுகளிலும் முதலிடம் பெறுகின்றன. இவை அற்பமான வினாக்கள் அல்ல. ஆயினும் நேரத்தை ஒதுக்குவது வேறு, கவனத்தைக் கொடுப்பது வேறு என்பதையும், முழந்தாளிட்ட உடலுக்குள் உள்ளம் ஊர் சுற்றக்கூடும் என்பதையும், ஜெபத்துக்கென்று ஒரு நாழிகைகூட வாய்க்காத ஒருவர் நாள் முழுதும் கடவுள் நினைவோடு உழைக்கக்கூடும் என்பதையும் கிறிஸ்தவ மரபு தொடக்கம் முதலே அறிந்திருந்தது. நேரம் குறித்த ஒழுங்கு, இடைவிடாத நினைவு என்னும் இவ்விரு போக்குகளும் தமிழ்நாட்டில் எவ்வாறு வேர்விட்டன என்பதையும், தாம்பரம், பல்லாவரம், பொழிச்சலூர் எனப் பரந்து கிடக்கும் தென்சென்னைப் புறநகர்களின் உழைக்கும் கிறிஸ்தவர்களுக்கு இன்று அவற்றால் என்ன பயன் என்பதையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

பழைய தமிழ் வேதாகம நடையில் இக்கருத்தைத் தாங்கி நிற்கும் சொல் ‘ஜாக்கிரதை’. இன்றைய பேச்சுவழக்கில் அது ஆபத்தைக் குறித்த எச்சரிக்கையாகச் சுருங்கிவிட்டது. வடமொழி வேரிலோ அதன் பொருள் விழித்திருத்தல். ரோமர் 12ஆம் அதிகாரத்திலும் 2 பேதுரு முதல் அதிகாரத்திலும் இச்சொல் வரும் இடங்களில் கிரேக்க மூலத்தில் நிற்பது ‘ஸ்பூதே’ என்பதாகும். விரைவு, ஊக்கம், முழு மனத்தோடு ஈடுபடுதல் ஆகிய மூன்றும் அதில் அடங்கும். எபிரேயத்தில் விழித்துக் காத்தலைக் குறிக்கும் ‘ஷாகத்’ என்னும் வினைச்சொல்லுக்கும் வாதுமை மரத்தின் பெயருக்கும் உள்ள ஒலி ஒற்றுமையை வைத்து எரேமியாவின் முதல் அதிகாரத்தில் ஒரு சொல்லாட்டம் அமைந்துள்ளது. தன் வார்த்தையை நிறைவேற்ற விழித்திருப்பவர் கடவுளே என்று அங்கே சொல்லப்படுவது, மனிதன் கடவுள்மீது வைக்கும் கவனம் கடவுள் மனிதன்மீது வைத்துள்ள கவனத்துக்குப் பதில் மட்டுமே என்னும் இறையியல் உண்மையைத் தன்னுள் கொண்டிருக்கிறது. லத்தீனில் கருத்தூன்றிய உழைப்பைக் குறிக்கும் ‘டிலிஜென்சியா’ என்னும் சொல் அன்பு செய்தல், விரும்பித் தெரிந்துகொள்ளுதல் என்னும் பொருளுடைய வினையிலிருந்து பிறந்தது. ஆகவே சொற்களின் வரலாறே ஒன்றைத் தெளிவாக்குகிறது: இங்குப் பேசப்படும் ஜாக்கிரதை, தண்டனைக்கு அஞ்சிய கண்காணிப்பு அன்று, தாய் உறங்கும்போதும் தொட்டில் குழந்தையின் அசைவுக்குக் காது கொடுத்திருப்பதைப் போன்றது.

‘ஜெபம்’ என்னும் சொல்லும் நோக்கத்தக்கது. மந்திரத்தை வாய்க்குள் உருவேற்றுதலைக் குறித்த ‘ஜபம்’ என்னும் வடசொல்லைக் கிறிஸ்தவர்கள் எடுத்துக்கொண்டபோது, திரும்பத் திரும்பச் சொல்லி மனத்தை ஓரிடத்தில் நிறுத்தும் பயிற்சி என்னும் பொருட்சாயலும் உடன் வந்தது. கத்தோலிக்கரின் ஜெபமாலைக்கு அது இயல்பாகப் பொருந்துகிறது. மனத்தில் உள்ளதைச் சொந்தச் சொற்களில் கொட்டும் சீர்திருத்தச் சபையாரின் ஜெபத்துக்கு அவ்வளவாகப் பொருந்துவதில்லை. 1995இல் வெளிவந்த திருவிவிலியப் பொது மொழிபெயர்ப்பு ‘இறைவேண்டல்’ என்னும் தமிழ்ச் சொல்லை முன்வைத்தது. தூய தமிழ் என்ற வகையில் அது வரவேற்கத்தக்கது. ஆனால் வேண்டுதல் என்பது கேட்டுப் பெறுவதையே முதலில் நினைவூட்டுவதால், கேட்காமல் வெறுமனே முன்னிலையில் இருத்தல் என்னும் பழைய நிறம் அதில் சற்று மங்கிவிடுகிறது.

தமிழகக் கடற்கரையில் இறைக்கவனம் முதலில் செவி வழியாகவே பயிற்றப்பட்டது. 1542இல் முத்துக்குளித்துறைக்கு வந்த பிரான்சிஸ் சவேரியார், தமிழறிந்தோர் துணையுடன் விசுவாசப் பிரமாணம், கர்த்தர் கற்பித்த ஜெபம், பத்துக் கட்டளைகள் முதலியவற்றைத் தமிழாக்கி மனப்பாடம் செய்து, கையில் மணியை அடித்துக்கொண்டு தெருத்தெருவாகச் சென்று சிறுவர்களைக் கூட்டி ஓதுவித்தார். அச்சிறுவர்கள் வீட்டுக்குப் போய்ப் பெற்றோருக்குக் கற்பித்தனர். அவர் ஊரைவிட்டு அகன்ற பின்னும் ஓதுதல் நின்றுவிடாதிருக்க ஊருக்கொரு ‘கணக்கப்பிள்ளை’ அமர்த்தப்பட்டார். எழுத்தறியாத பரதவ மக்கள் வலையிழுக்கும் போதும் கடலில் மூழ்கும் போதும் வாயில் நிற்கக்கூடிய சொற்கள் இவ்வாறுதான் அவர்களுக்குக் கிடைத்தன. அடுத்து வந்த அண்டிரிக் அடிகளார் 1578இல் கொல்லத்தில் அச்சிட்ட ‘தம்பிரான் வணக்கம்’ இந்திய மொழியொன்றின் எழுத்திலேயே அச்சான முதல் நூல் என்பது பலரும் அறிந்தது. அவரே 1580இல் வெளியிட்ட ‘கொம்பெசியோனாயரு’ அந்த அளவுக்குப் பேசப்படுவதில்லை. பாவசங்கீர்த்தனத்துக்கு, அதாவது குருவிடம் பாவத்தை அறிக்கையிடுவதற்கு, ஒருவரை ஆயத்தப்படுத்தும் அந்த நூல், தன் நாட்களைத் தானே திரும்பிப் பார்க்கும் பழக்கத்தைத் தமிழனுக்கு அச்செழுத்தில் கற்பித்த முதல் முயற்சி என்பதால், இக்கட்டுரையின் பொருளுக்கு முந்தைய நூலைவிட அணுக்கமானது.

மதுரை மிஷன் இதற்கு வேறொரு அழுத்தம் கொடுத்தது. வீரமாமுனிவர் (1680–1747) தம் வேதியர்களுக்காக, அதாவது குருக்கள் இல்லாத ஊர்களில் சபையை நடத்திய உபதேசியார்களுக்காக எழுதிய ‘வேதியர் ஒழுக்கம்’ என்னும் உரைநடை நூல், பிறருக்குப் போதிப்பவன் தன் ஆன்மாவைப் பேணத் தவறலாகாது என்று வற்புறுத்துகிறது. ஊழியத்தின் மிகுதியே ஊழியரின் உள்ளத்தை வறளச்செய்யும் என்பதை 18ஆம் நூற்றாண்டிலேயே ஒருவர் தமிழில் எழுதிவைத்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை மூன்று ஆராதனை, வாரநாட்களில் வீட்டுக் கூட்டங்கள் என்று ஓடும் இன்றைய போதகர்கள் அந்நூலைத் தேடிப் படிக்க வேண்டும்.

1706 ஜூலை 9இல் தரங்கம்பாடியில் இறங்கிய சீகன்பால்கு, ஜெர்மனியின் ஹாலே நகரத்துப் பக்தி இயக்கத்தில் உருவானவர். ‘பயட்டிசம்’ எனப்படும் அவ்வியக்கம், சரியான கோட்பாடு மட்டும் போதாது, ஒவ்வொரு விசுவாசியும் வேதத்தைத் தானே வாசித்து அன்றாடம் மனந்திரும்பி வாழ வேண்டும் என்றது. 1715இல் தமிழ்ப் புதிய ஏற்பாடு தரங்கம்பாடியில் அச்சேறியதும், செவியில் வாழ்ந்த பக்தி கண்ணுக்கும் இடம்பெயரத் தொடங்கியது. கூட்டத்தோடு ஓதியவர் தனியே வாசிப்பவரானார். இன்று தமிழ்ச் சபைகளில் ‘அமைதி வேளை’ எனவும் ‘தியான வேளை’ எனவும் வழங்கும் தனிப்பட்ட காலை வாசிப்பின் ஊற்று இதுவே. பின்னாளில் வேதவாசிப்புச் சங்கம் 1879இல் இங்கிலாந்தில் தொடங்கிய வாசிப்பு அட்டை முறையும் அதற்கு உரமிட்டது. லூத்தர் தம் சிறிய ஞானோபதேசத்தில் (1529) காலை மாலை ஜெபங்களை வகுத்தபோது, காலை ஜெபம் முடிந்ததும் பாடிக்கொண்டே மகிழ்ச்சியாக வேலைக்குப் போகச் சொன்னார் என்பதை இங்கு மறக்கலாகாது. ஜெபம் முடியும் இடத்தில் கவனமும் முடிந்துவிடுவதாக அவர் கருதவில்லை.

பக்தி இயக்கத்தின் மற்றொரு கிளையான மொராவியச் சகோதரர்கள், ஹெர்ன்ஹுட் என்னும் ஊரில் நாளுக்கொரு வசனத்தை அறிவிக்கும் வழக்கத்தைத் தோற்றுவித்து, 1731 முதல் ஆண்டுதோறும் அதை நூலாக வெளியிட்டு வருகின்றனர். ஒரு வசனத்தை நாள் முழுவதும் மென்றுகொண்டிருப்பதே அதன் நோக்கம். தமிழ்நாட்டில் புத்தாண்டு நள்ளிரவு ஆராதனையில் தட்டிலிருந்து எடுக்கப்படும் வாக்குத்தத்த அட்டை அதன் நெருங்கிய உறவு. ஆனால் அட்டையில் வரும் வசனம் ஓர் ஆண்டின் நல்வாய்ப்பை முன்னறிவிக்கும் சீட்டாக எண்ணப்பட்டு, செழிப்பைப் பேசும் வசனம் வந்தால் கண்ணாடிச் சட்டத்துக்குள்ளும், கண்டிக்கும் வசனம் வந்தால் இழுப்பறைக்குள்ளும் போகும்போது, அங்கே கவனம் கடவுளிடமிருந்து நழுவித் தன்னலத்தின்மீது விழுந்துவிடுகிறது. பழக்கத்தைக் கைவிட வேண்டியதில்லை. கண்டிக்கும் வசனங்களையும் தட்டில் சேர்த்தால் போதும்.

19ஆம் நூற்றாண்டுத் திருநெல்வேலியில்தான் இறைக்கவனம் ஓர் ஊரின் பொது ஒழுங்காக மாறியது. 1820இல் பாளையங்கோட்டைக்கு வந்த ரேனியஸ் முதலியோர் முயற்சியால் உருவான கிறிஸ்தவக் குடியிருப்புகளில் காலையிலும் மாலையிலும் கோயில் மணி அடிக்க, உபதேசியார் தலைமையில் ஊரார் கூடி ஜெபித்துவிட்டு வேலைக்குச் சென்றனர், வேலை முடிந்து மீண்டும் கூடினர். பிரசங்கம் நடக்கையில் கேட்போர் பனையோலையில் எழுத்தாணியால் குறிப்பெடுத்த வழக்கத்தையும் அக்கால மிஷனரிகள் பதிவுசெய்துள்ளனர். ஓலையில் எழுதுவது எளிதன்று. கேட்டதைச் சுருக்கி, சொல்லைத் தேர்ந்து, கையை நிதானித்துப் பொறிக்க வேண்டும். அந்த உழைப்பே கேட்டலைக் கூர்மையாக்கியிருக்கும். அந்த மண்ணிலேயே பிறந்த எச்.ஏ. கிருஷ்ணபிள்ளை (1827–1900), ஜான் பனியனின் மோட்சப் பயண நூலைத் தழுவி 1894இல் வெளியிட்ட ‘இரட்சணிய யாத்திரிக’த்தை இப்பின்புலத்தில் வாசிக்கும்போது, பயணி அயர்ந்து உறங்கித் தன் சுருளை இழக்கும் மூலக்கதையின் பகுதி எவ்வளவு பொருத்தமானது என்பது விளங்கும். அந்தப் பயணத்தில் சிங்கங்களைவிட உறக்கமே கொடிய பகை.

இந்த ஊர்மணி ஒழுங்குக்கு ஒரு குறை இருந்தது. ஊர் முழுவதும் ஒரே வேலை செய்து, ஒரே நேரத்தில் வீடு திரும்பினால்தான் அது நடக்கும். பனையேறுவோரும் உழவரும் வாழ்ந்த ஊரில் அது நடந்தது. அவர்களுடைய பேரப்பிள்ளைகள் ரயிலேறிச் சென்னைக்கு வந்தபோது மணி உடன் வரவில்லை.

தென்சென்னைப் புறநகரின் கிறிஸ்தவ நினைவு பழமையானது. பரங்கிமலை உச்சியில் போர்ச்சுக்கீசியர் 1523இல் எழுப்பிய ஆலயமும், 1547இல் அங்கே கண்டெடுக்கப்பட்ட கற்சிலுவையும், திருத்தூதர் தோமையார் அம்மலையில் உயிர்நீத்தார் என்னும் மரபும் அதற்குச் சான்று. உலகக் கிறிஸ்தவ வரலாற்றில் ‘தாம்பரம்’ என்றால், 1937இல் அங்கு இடம்பெயர்ந்த சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி வளாகத்தில் 1938 டிசம்பரில் கூடிய அனைத்துலக மிஷனரி மாநாட்டையே அறிஞர்கள் நினைப்பார்கள். ஆனால் இப்பகுதியின் அன்றாட இறைப்பற்றை உருவாக்கியவை வேறு: 1931இல் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே ஓடத் தொடங்கிய மின்ரயில், குரோம்பேட்டைக்குப் பெயர் தந்த தோல் தொழில், டாக்டர் டேவிட் சவுரிமுத்து 1928இல் நிறுவிய காசநோய் மருத்துவமனை, 1984இல் சானடோரியத்தில் உருவான ஏற்றுமதி மண்டலம், மீனம்பாக்கம் விமான நிலையம். பொழிச்சலூர் அந்த விமான நிலையத்தின் வேலியை ஒட்டி, அடையாற்றுக் கரையில் கிடக்கிறது. இங்கு வாழ்பவர்களில் செவிலியர், சுமையேற்றுவோர், ஆயத்த ஆடைத் தையல் தொழிலாளர், ஓட்டுநர், கணினிப் பணியாளர் எனப் பலரும் உண்டு. அவர்களில் கணிசமானோரின் நாள், முறைமாற்றி வரும் ஷிப்டுகளால் துண்டாடப்பட்டது. ஒரு வீட்டில் தந்தை இரவு வேலைக்குக் கிளம்பும் நேரமும் மகள் வேலை முடிந்து திரும்பும் நேரமும் ஒன்றாகும்போது, குடும்ப ஜெபத்தை எந்த மணிக்கு வைப்பது என்னும் வினாவுக்கு விடையே இல்லாமல் போகிறது. தென்மாவட்டத்து ஒழுங்கை இங்கே அப்படியே எதிர்பார்க்கும் பிரசங்கங்கள், ஏற்கெனவே களைத்திருப்பவர்களுக்குக் குற்றவுணர்வைக் கூடுதல் சுமையாக ஏற்றுகின்றன.

இதற்குப் பெந்தெகொஸ்தே சபைகள் கண்ட மறுமொழி தீவிரமானது. 1920களில் இலங்கையில் பாஸ்டர் பால் தொடங்கிய சிலோன் பெந்தெகொஸ்தே மிஷன், பின்பு ‘தி பெந்தெகொஸ்தே மிஷன்’ என்று பெயர் பெற்று, தாம்பரத்தை அடுத்த இரும்புலியூரைத் தலைமையிடமாகக் கொண்டது. அதன் ஊழியர்கள் திருமணத்தையும் சொத்தையும் துறந்து ‘விசுவாச வீடு’ எனப்படும் இல்லங்களில் கூடி வாழ்ந்து, விடியுமுன்பே எழுந்து ஜெபிக்கின்றனர்; அந்த அதிகாலை ஜெபத்தின் செல்வாக்கு அச்சபையின் எல்லையையும் தாண்டிப் புறநகரின் சிறிய சபைகள் பலவற்றிலும் பரவியிருக்கிறது. துறவியின் நாளை இல்லறத்தாருக்கு நீட்டும் இம்முயற்சியின் வலிமையும் வரம்பும் ஒன்றே: அது முழு வாழ்வையும் கேட்கிறது. முழு வாழ்வையும் கேட்ட வேறு முயற்சிகளும் தமிழ்நாட்டில் உண்டு. சவரிராயன் ஏசுதாசன், எர்னெஸ்ட் பாரஸ்டர் பேட்டன் ஆகிய இரு மருத்துவர்கள் 1921இல் திருப்பத்தூரில் தொடங்கிய கிறிஸ்துகுல ஆசிரமம், ஜெபத்தின் ஒழுங்கையும் ஏழைகளுக்கான மருத்துவத்தையும் ஒரே நாளுக்குள் பின்னியது; பெரியண்ணன், சின்னண்ணன் என்றே அவ்விருவரும் அழைக்கப்பட்டனர். 1950இல் குளித்தலைக்கு அருகே காவிரிக் கரையில் உருவான சாந்திவனம் மௌனத்தை முதன்மையாக்கியது. இவற்றின் மதிப்பில் ஐயமில்லை. ஆயினும் வாடகை வீட்டில் மூன்று தலைமுறை சேர்ந்து வாழும் குடும்பத்துக்கு மௌனம் கிடைக்கும் பொருளன்று. பொழிச்சலூரில் விமானங்கள் கூரைக்குமேல் இறங்குகின்றன.

எகிப்தியப் பாலைவனத் துறவிகள் 4ஆம் நூற்றாண்டில் கண்ட விடை இங்கே உதவக்கூடும். வெளி அமைதியைத் தேடிப் போன அவர்களே, மனத்தின் இரைச்சல் பாலைவனத்திலும் பின்தொடர்ந்ததைக் கண்டு, ‘நெப்சிஸ்’ எனப்படும் தெளிந்த விழிப்பைப் பயின்றனர். எழும் எண்ணத்தோடு சண்டையிடாமலும் அதன் பின்னால் ஓடாமலும் அதை வாசலிலேயே அடையாளம் கண்டு, உள்ளத்தைக் கடவுளிடம் திருப்புவதே அது. அவர்களுள் ஒருவரான எவாகிரியுஸ், கவனம், ஜெபம் என்னும் இரு கிரேக்கச் சொற்களும் ஓசையில் ஒத்திருப்பதைக் காட்டி, கவனத்தைத் தேடிப் போகிறவன் ஜெபத்தைக் கண்டடைவான் என்னும் கருத்தைத் தந்தார். பிரெஞ்சு மெய்யியலாளர் சிமோன் வேய் (1909–1943) இதே கருத்தைப் பள்ளிப் பாடம் வரை கொண்டுவந்து, புரியாத கணக்கின் முன் பொறுமையாக அமரும் மாணவனும் ஜெபத்துக்கான ஆற்றலையே வளர்க்கிறான் என்று வாதிட்டார். கைப்பேசி இதற்கு நேர் எதிரான பயிற்சியை நாளெல்லாம் அளிக்கிறது. விடியற்காலை வாட்ஸ்அப்பில் பத்துக் குழுக்களுக்கு வசனம் அனுப்புகிறவர் அவ்வசனத்தின் முன் ஒரு நிமிடம் நின்றாரா என்பதே கேள்வி. அனுப்புதல் அன்பின் செயலாகலாம், தியானத்துக்கு மாற்றாகாது.

சமையலறையைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பங்களில் ஜெபத்தின் பொறுப்பை உண்மையில் சுமப்பவர்கள் பெண்கள். எல்லாரையும் கூப்பிட்டு அமர்த்துவதும், பிள்ளைகளுக்கு வசனம் சொல்லிக்கொடுப்பதும், உபவாசம் இருந்துகொண்டே மற்றவர்களுக்குச் சமைப்பதும் அவர்களே. லூக்கா 10ஆம் அதிகாரத்தின் மார்த்தாள், மரியாள் நிகழ்ச்சியைப் பிரசங்கிக்கும் பலர், மார்த்தாளைக் குறைசொல்லிவிட்டுக் கூட்டம் முடிந்ததும் அவள் சமைத்ததையே உண்கின்றனர். அவ்விடத்தில் கண்டிக்கப்படுவது அவள் பரபரப்பும் கவலையுமே அன்றி அவள் வேலையன்று. அவிலாவின் தெரேசா (1515–1582) தம் கன்னியர்களுக்கு, அடுக்களைப் பானைகளுக்கிடையிலும் ஆண்டவர் உலவுகிறார் என்று உணர்த்தினார். பாரிஸ் நகரக் கார்மேல் மடத்தின் சமையற்காரராயிருந்த சகோதரர் லாரன்ஸ் (இறப்பு 1691), குறித்த ஜெப வேளைக்கும் வேலை வேளைக்கும் தமக்கு வேறுபாடு இல்லாமற்போனதைக் குறிப்பிட்டிருக்கிறார்; அந்நிலையை எட்டப் பல ஆண்டுகள் தவறித் தவறிப் பயின்றார் என்பதையும் அவரை மேற்கோள் காட்டுவோர் சேர்த்துச் சொல்ல வேண்டும். இடைவிடாத நினைவு குறுக்குவழியன்று. குறித்த நேரத்தில் சிறிதளவேனும் கவனத்தைப் பழகாதவர், வேலையே ஜெபம் என்று சொல்லும்போது, பெரும்பாலும் வேலை மட்டுமே எஞ்சுகிறது. எனவே நேர ஒழுங்கு பள்ளிக்கூடம் போன்றது. அதன் பயன் பள்ளிக்கு வெளியே தெரிய வேண்டும், ஆனால் பள்ளியை மூடிவிட முடியாது.

வெளியே தெரிவது அயலாரிடத்தில். ஏசாயா 58ஆம் அதிகாரம், நாள்தோறும் தம்மைத் தேடும் மக்களின் உபவாசத்தைக் கடவுள் ஏற்க மறுப்பதையும், கூலியாட்களை ஒடுக்கிக்கொண்டே உபவாசிப்பதை அதற்குக் காரணமாகக் காட்டுவதையும் எண்ணினால், வீட்டு வேலைக்கு வரும் பெண்ணின் பெயரையே அறியாத இல்லத்தில் நடக்கும் ஜெபமும், கல்லறையில்கூடச் சாதிபிரித்த ஊர்களின் ஆராதனையும் எத்தகைய கவனமின்மைக்குள் நடக்கின்றன என்பது புரியும். பொழிச்சலூரின் அகத்தீசுவரர் கோயிலுக்கு, வட திருநள்ளாறு என்று போற்றி, சனிக்கிழமைதோறும் வெளியூர்களிலிருந்தும் அன்பர்கள் வந்து காத்து நிற்கின்றனர். அண்டை வீட்டாரின் அந்தப் பொறுமையை மதித்துப் பார்க்கத் தெரிவதும் கிறிஸ்தவரின் விழிப்பில் அடங்கும்.

ஷிப்டு வாழ்வுக்கு எது பொருந்தும் என்று தேடும்போது, தமிழ்க் கத்தோலிக்கரின் பழைய ஜெபப் புத்தகங்களில் ‘மனவல்லயச் செபம்’ என்று ஒன்று இருப்பது கண்ணில் படுகிறது. வல்லயம் என்றால் ஈட்டி. ஒரு மூச்சில் சொல்லி முடியும் சிறு மன்றாட்டை உள்ளத்திலிருந்து ஈட்டியாக எறிதல் என்பது அதன் பொருள். இவ்வுருவகம் மிகப் பழையது. 5ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் புரோபா என்னும் கைம்பெண்ணுக்கு எழுதிய மடலில் அகுஸ்தீனார், எகிப்தியச் சகோதரர்கள் அடிக்கடியும் மிகச் சுருக்கமாகவும், ஈட்டி எறிவதுபோலச் சட்டென்றும் ஜெபிக்கிறார்கள் என்று கூறி, அதற்குக் காரணமும் காட்டுகிறார்: நீண்டுகொண்டே போனால் விழிப்பான கவனம் மழுங்கிவிடும். கவனம் நீடிக்காதபோது அதை வற்புறுத்தி இழுக்க வேண்டாம் என்பதோடு, அது தானே நீடிக்கும்போது அவசரப்பட்டு முறிக்கவும் வேண்டாம் என்று அதே இடத்தில் அவர் எழுதுவது, தாம்பரத்துக்கும் கடற்கரைக்கும் இடையே கம்பியைப் பிடித்து நின்றுகொண்டு போகிறவருக்கும், சானடோரியத்தில் இரவுப்பணி பார்க்கும் செவிலியருக்கும், இரண்டு விமானங்களுக்கு இடைப்பட்ட அமைதியில் பால் பொங்குவதைப் பார்த்து நிற்கும் பெண்ணுக்கும் ஏற்ற அளவிலேயே இருக்கிறது.